நிலா இல்லாத கடலுக்கு ஒரு விளக்கு

நிலா வேண்டாம் என்று சொன்னதும் அக்காதான், இப்போது அதற்காகத் தலையில் அடித்துக்கொள்வதும் அக்காதான்.

ஞாயிறுதோறும் மதியம் சாப்பாடு ஆனதும், தம்பி வீட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாலு பேர் உட்கார்ந்து விளையாட்டாக ஒரு கற்பனைக் கோளை நடத்திவருகிறார்கள். பெயர் நீலி. கண்ணுக்கு எட்டிய வரை கடல், அதில் மிதக்கும் ஒரு குடியிருப்பு. ஆளுக்கொரு வேஷம்: அக்காவின் கணவர் குடியிருப்பின் தலைவர், தம்பி மனைவி டாக்டர், அக்கா மின்சாரப் பொறியாளர். கதையை நடத்துவது தம்பி. அவனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வருகிற விண்ணப்பங்களில் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பத்தான் சம்பளம். அப்பேர்ப்பட்டவன் கையில் கடலையும் காற்றையும் கொடுத்தால் சும்மா இருப்பானா?

முதல் நாள் கோளைப் படைத்தபோது ஆளுக்கு ஒரு வரம் கிடைத்தது. தம்பி மனைவி சலவைக்கடை நடத்துகிறவள். துணி காய வேண்டும் என்று இரண்டு சூரியன் கேட்டாள். அக்கா, "நிலாவே வேணாம்டா. இருந்தா உங்க மாமா பாட ஆரம்பிச்சிடுவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சொன்னது சொன்னதுதான் என்று தம்பி எழுதிக்கொண்டான்.

இன்னொரு சட்டமும் உண்டு. நீலியில் ஓட வேண்டிய எந்த இயந்திரமும் முதலில் இந்த மேசையில் ஓடிக் காட்ட வேண்டும். ஓடும்போது அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

போன வாரம் அக்கா ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் சின்னச் சக்கரம் வைத்து, கடல் ஏறி இறங்குவதில் மின்சாரம் எடுக்கும் நிலையத்தைக் காட்டினாள். தாம்பாளத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். சக்கரம் அழகாகச் சுற்றியது.

"சாய்க்கிறது யாருக்கா?" என்றான் தம்பி.

"நிலாடா."

"எந்த நிலா?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. மாதக்கணக்காக வரைந்த திட்டம் அது. அத்தனையையும் தன் ஒரு கிண்டலே விழுங்கிவிட்டதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட, கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது பொறுக்கவில்லை.

இந்த வாரம் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். குடியிருப்பின் மின்கலங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு கம்பெனிக் கப்பல் வந்து நிற்கிறது. அணு உலை தருவார்கள், விளக்கு பளபளவென்று எரியும். பதிலுக்கு அவர்களுடைய ஆளுநர் வந்து உட்காருவார். யார் எதைக் கட்டலாம், எதை வரையலாம் என்பதை இனி அவரே சொல்வார். இன்றைக்கே பதில் வேண்டும்.

"கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார் தலைவர், அதாவது அக்காவின் கணவர். "இருட்டுல கெடந்து என்னத்த சாதிக்கப்போறோம்?"

"போடாதீங்க" என்றாள் அக்கா.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. பகலில் அவள் கட்டடங்களுக்கு மின்சாரத் திட்டம் வரைகிறவள். வெயிலையும் காற்றையும் நம்பி அவள் வரைகிற ஒவ்வொன்றும் மேலே போய், சிவப்புக் கோடு வாங்கி, டீசல் இயந்திரமாகத் திரும்பி வரும். அவளும் தலையாட்டிவிட்டு டீசலை வரைவாள். அவள் வரைந்ததன்மேல் யாரும் கோடு கிழிக்காத ஒரே இடம் நீலி. அங்கேயும் ஆளுநர் வந்து உட்கார்ந்தால் அவள் எங்கே போய் நிமிர்வாள்?

பையிலிருந்து ஒரு வெள்ளைத் தகட்டை எடுத்தாள். இரண்டு பக்கமும் உலோகக் கட்டை ஒட்டி, ஒயர் இழுத்து, பொம்மை மோட்டாரும் காகித விசிறியும் மாட்டியிருந்தாள்.

"இது என் கார் குளிர்ப்பெட்டில இருந்த தகடு மாதிரி இருக்கே" என்றார் கணவர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தப் பெட்டிதான் வெயில் காலத்தில் அவருக்கு உயிர்.

"மாதிரி இல்லைங்க. அதேதான்."

அவர் தகட்டை எடுக்கக் கை நீட்டினார், அவள் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர். நடுவுல மின்சாரம். நீலியில மேல் தண்ணி கொதிக்காத குறை. ஆழத்துல ஐஸ் மாதிரி. குழாய் போட்டு மேல இழுக்கறேன். நிலா தேவையில்ல."

"இழுக்கிற பம்புக்குக் கரண்ட் யாரு குடுப்பா?"

"இதுவேதான். வர்றதுல முக்கால்வாசிய பம்பு தின்னுடும். மிச்சம் நமக்கு."

தம்பி இவ்வளவு நேர்மையான பதிலை எதிர்பார்க்கவில்லை. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான். "காத்துல சுத்துச்சுன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாரு."

ஒரு கட்டை வெந்நீரில், ஒரு கட்டை ஐஸ் தண்ணீரில். காகித விசிறி அசையவில்லை. நாலு பேருக்கும் வியர்த்து வழிந்தது. அக்காவின் விரல் தானாக விசிறியின் பக்கம் போனது. ஒரு சுண்டு சுண்டினால் போதும்.

"கை!" என்றான் தம்பி.

அவள் கையை இழுத்து மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, அதையும் அழுத்தினாள்.

"ஆறிப்போச்சு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "இவரு பேசின பேச்சுல வெந்நீ பச்சத்தண்ணி ஆயிடுச்சு." எழுந்து உள்ளே போனவள், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரோடு வந்து கிண்ணத்தில் ஊற்றினாள்.

"ஏய், நீ எப்படிக் கை வைக்கலாம்?"

"இயந்திரத்துல எங்க வச்சேன்? கடலைத்தான் சூடு பண்ணினேன். ரெண்டு சூரியன் கேட்டு வாங்கினவ நானு. ஒண்ணு மறைஞ்சுது, இன்னொண்ணு உதிச்சுது. உங்க சட்டத்துல ஓட்டை இருந்தா காட்டுங்க."

ஓட்டை கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் தேடித்தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

விசிறி ஒரு தரம் துடித்தது. நின்றது. பிறகு மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. எண்ணிவிடலாம் போல அவ்வளவு மெதுவாக, ஆனால் நிற்காமல்.

"இது போதுமா?" என்றார் கணவர், சிரிக்காமல். "எதையெல்லாம் நிறுத்தணும்?"

"வீதி விளக்கு பாதி அணையும். பாட்டு மண்டபம் இருட்டு. காத்தாடி யாருக்கும் கிடையாது, முதல்ல நிக்கறது என் வீட்டுது. டாக்டர் அறைக்கு மட்டும் குறையாது."

அவர், கப்பலோடு பேசும் ஒலிபெருக்கியாக அவர்கள் வைத்திருந்த கரண்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

தம்பி கம்பெனிக் குரலில் கனைத்தான். "யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு நாள் இருட்டுல இருந்துட்டு எங்க கால்ல வந்து விழுவீங்க."

அக்கா கரண்டியை வாய்க்கு நேரே பிடித்தாள்.

"எங்க விளக்கு மங்கல்தான். உங்க கப்பல்ல இருந்து பார்த்தா தெரியக்கூடத் தெரியாது. ஆனா தாழ்ப்பாள் எங்க பக்கம் இருக்கு. வந்த வழியே போங்க."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலுக்கு இறங்கி வந்தான்.

"சரிக்கா. கப்பல் போயிடுச்சு. இப்பவாவது ஃபேனைப் போடட்டுமா? வேகுது."

"போடாதே" என்றாள் அக்கா. "இப்பத்தானே காத்தாடி கிடையாதுன்னு சொன்னேன்."

நாலு பேரும் சட்டை நனைய உட்கார்ந்து, அந்தக் காகித விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.