கல் வளைந்த இடம்

என்னைத் திட்டுவதாக இருந்தால் முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். பாதியில் எழுந்துபோய் ஊரெல்லாம் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாருக்கும் வீடு கல்லுக்கு உள்ளேதான் இருக்கிறது.

என் பேர் சூர்யகலா. தொண்ணூற்று மூன்றில் இந்தக் குப்பத்துக்கு வாழ வந்தேன். பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்து ஒரே வரிசையாக வீடுகள். அப்போதெல்லாம் வாசலிலிருந்து தண்ணீருக்குப் போவதற்குள் வெறுங்கால் வெந்துவிடும், அவ்வளவு மணல். மாமனார் மாமியார் இல்லாத வீடு. வீட்டுக்காரர் மணிமாறனோடு ஒன்பது வயதில் ஒரு தம்பி இருந்தான், பார்த்திபன். அவனுக்குத் தலை வாரிவிட்டது நான். சளி பிடித்தால் நெஞ்சில் தைலம் தேய்த்தது நான். நண்டுக் காலை உடைத்து வாயில் ஊட்டினதும் நான்தான். பெறவில்லையே தவிர, அவன் எனக்குப் பிள்ளை.

அவனுக்கு மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நானே. துர்கா. வாயில்லாப் பூச்சி. எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒட்டினாற்போல் அவனுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தோம். வரிசையில் அதுதான் கடைசி வீடு. படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டைக் கதவுக்கு அடித்தான். எந்த ஊரில் வீட்டுக் கதவு அப்படிப் பளீரென்று இருக்கும்? சிரித்தோம்.

இரண்டாயிரத்துப் பத்து ஐப்பசி. கல்யாணமாகி எட்டு மாதம். கூடப் போக வேண்டியவனுக்குக் காய்ச்சல் என்று பார்த்திபன் மட்டும் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு போனான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பதினோரு மணிக்கு எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. எங்கள் அப்பன் பாட்டன் யாரும் அந்தத் திசையில் அந்த மாதத்தில் அப்படி ஒரு காற்றைப் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் காற்றுக்கு மாதமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. மற்ற படகுகள் திரும்பின. அவன் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

"படகு அடிச்சிக்கினு பர்மா வரைக்கும் போவும்மா. ரெண்டு வருசம், மூணு வருசம் கழிச்சி வந்தவன்லாம் இருக்கான்" என்று எவனோ ஒரு புண்ணியவான் துர்காவிடம் சொல்லி வைத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. மணிமாறனும் ஊரும் பொறுத்துக்கொண்டார்கள். உடம்பு கிடைக்காதவனுக்குப் பெண்டாட்டி சம்மதிக்காமல் கருமாதி செய்வதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம்.

அடுத்த வருஷம் தானே புயல் வந்தது. அதற்கு முன்பே மணல் கரைந்துகொண்டுதான் இருந்தது. தெற்கே ஒரு குப்பத்தில் கல் கொட்டிக் கடலைத் தடுத்தார்கள். அங்கே தடுத்தது இங்கே வந்து தின்றது. கடல் மட்டமே ஏறுகிறது என்று டிவியில் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். எங்களுக்குப் படம் எதற்கு? தெருவில் நின்ற கரண்டு கம்பம் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறது. தானே போன பிறகு என் வாசல்படியில் நின்று கால் கழுவலாம் என்று ஆகிவிட்டது.

மனு கொடுத்து, மறியல் பண்ணி, இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆடியில் எங்களுக்கும் கல் வந்தது. திண்டிவனம் பக்கத்துக் குவாரியிலிருந்து லாரி லாரியாக, ஒவ்வொன்றும் ஆட்டுக்கல்லைப் போல நாலு மடங்கு. மேற்பார்வைக்கு வந்தவர் முகையூர்க்காரர் சவுரிராயன். டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, ஊர்க் கூட்டத்தில் நின்று சொன்னார்.

"எரநூறு மீட்டருக்குத்தான் கல்லு. கோயிலாண்ட ஆரம்பிச்சா கடைசி ஊடு வரைக்கும் நேரா வந்துரும். ஆனா நேரா உட்டா பிரயோஜனமில்ல. முடியற எடத்துல கல்லு கரைப்பக்கமா வளையணும். இல்லன்னா தண்ணி சுத்திக்கினு பின்னாடி பூந்துரும். வளைக்கறதுக்குப் பதினஞ்சு மீட்டரு போயிரும்."

"அப்ப கடைசி ஊடு?" என்று கேட்டார் நாட்டார் முத்து. ஊர்த்தலைவர் அவர்தான்.

"அது கல்லுக்கு வெளிய நிக்கும். வளைவுக்கு அந்தாண்ட தண்ணி ரெண்டு பங்கா மோதும். ஒரு மழை தாங்காது. வளைக்காம உட்டா ரெண்டு வருசத்துல கடைசி ரெண்டு ஊடும் போவும். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

கடைசி இரண்டு வீடு என்றால் என் வீடும் துர்கா வீடும். தெற்கே பதினைந்து மீட்டரைக் குறைத்தால் கோயிலோடு கெங்கையம்மன் வெளியே நிற்பாள். அதை யார் வாயைத் திறந்து சொல்வது?

முத்து ஊர் நோட்டைப் பிரித்தார். கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருவனும் அதில் ஒரு தலைக்கட்டு. கோயில் பங்கோ, நிவாரணமோ, எதுவானாலும் தலைக்கட்டுக்குத்தான். "பார்த்திபன் பேரு நோட்டுல இருக்குது. தலைக்கட்டு இருக்கற ஊட்டை வெளிய உட்டுட்டு நான் கல்லு போட உட மாட்டேன். வளைக்காம நேராவே போடுங்க சார். ஆத்தா பாத்துக்குவா."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஏன் ஆட்ட மாட்டார்கள்? போகப் போவது என் வீடு. தண்ணீரில் நின்று மீன் விற்று, சுனாமிக்குப் பிறகு அஸ்திவாரத்திலிருந்து நான் எழுப்பின வீடு. இரண்டு பெண்பிள்ளைகள் அதற்குள் படுத்திருக்கிறார்கள். செத்தவன் பேருக்காக உயிரோடு இருக்கிற நான் கடலில் இறங்க வேண்டுமா? வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இப்போது நினைத்தாலும் அடங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். எட்டு நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே துர்கா வீட்டுக்குப் போனேன். கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பார்த்திபன் பேர நம்பிக்கினு எத்தினி நாளைக்குடி கல்லு நிக்கும்? நாளைக்கே எவனாச்சும் எந்திரிச்சி, இல்லாதவன் பேரு நோட்டுல எதுக்குன்னு கேட்டா என்னா பண்ணுவ?"

"அவரு இருக்காரு அக்கா."

"இருக்கட்டும். நான் இல்லன்னா சொன்னேன்? ஊருக்குச் சொல்லத் தெரியுமா உனக்கு? உங்க ஊருல புருசன் செத்துப் பூட்டா நோட்டு யாரு பேருக்கு மாறும்?"

"பொண்டாட்டி பேருக்கு."

அவள் பிறந்த குப்பத்தில் அப்படித்தான். கருமாதி முடிந்த கையோடு விதவை பேர் நோட்டில் ஏறும், பங்கும் வரும். எங்கள் ஊரில் பொம்பளை பேர் ஏறியதே இல்லை. ஆம்பளைப் பிள்ளை இல்லாதவன் செத்தால் அந்த வரியில் கோடு போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். வந்து எட்டு மாதத்தில் புருஷனைத் தொலைத்தவளுக்கு இது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும்.

"அப்புறம் இன்னாடி? கருமாதி பண்ணிட்டா உம்பேரு ஏறிடும். உம்பேரை எவனும் அழிக்க முடியாது. ஊடு கல்லுக்கு உள்ளயே நிக்கும். அவன் பேருலயே வச்சிருந்தா ஊடும் போவும், பேரும் போவும்" என்றேன்.

அகப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஊடு நிக்கணும்னா அவரு செத்துட்டாருன்னு நான் சொல்லணுமா?"

"வாயாலதான சொல்ற? மனசாலயா?"

"அவரு வந்தா நீலக் கதவைத்தானே தேடுவாரு. ஊடு இருக்கணும் அக்கா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய்க்குத்தானே? ஊருக்கு ஒரு பொய்யி. அவரு வந்ததும் தாலியத் திரும்பக் கட்டிக்கறேன். அதுவரைக்கும் நீ பத்திரமா வச்சிரு. உங்கிட்டதான் குடுப்பேன்."

பாவி, நான் அப்போதாவது கையை உதறியிருக்கலாம். "சரிடி கண்ணு" என்றேன்.

மணிமாறனிடம் சொன்னபோது அவர் வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "எந்தம்பிடி அவன்."

"உந்தம்பி கடல்ல. உம்பொண்ணுங்க ஊட்டுல. எதைக் காப்பாத்தணும்னு நீயே சொல்லு, கேட்டுக்கறேன்."

அவர் சொல்லவில்லை. திரும்பி உட்கார்ந்து வலையை எடுத்துக்கொண்டார். ஆம்பளைகளுக்கு இது ஒரு வசதி. பேசாமல் இருந்துவிட்டால் பாவம் பொம்பளைக்கு.

புதன்கிழமை காலையில் கரையில் வைத்துக் கருமாதி. உடம்பு இல்லாததால் வைக்கோலில் ஒரு உருவம் செய்து, பார்த்திபனுடைய கட்டம் போட்ட சட்டையை மாட்டினார்கள். நான் துவைத்து வைத்திருந்த சட்டை. கடைசிப் பொத்தான் இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய் ஊசி நூல் எடுக்கப் பார்த்தேன். யாரும் நம்ப மாட்டீர்கள், ஆனால் நிஜம். வளையல் உடைத்துத் தாலி வாங்கியது எங்கள் ஊர்க் குப்பம்மாள், அவளும் விதவை. தாலி அறுத்தவள்தான் அதைச் செய்ய வேண்டும். சுமங்கலி பார்க்கக் கூடாது என்று நான் திரும்பி நின்றிருந்தேன். பாலில் நனைந்த தாலியைக் குப்பம்மாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

துர்கா ஒரு பொட்டுக்கூட அழவில்லை. பெண்கள் அதற்கும் அவளை ஏசினார்கள். கல் நெஞ்சுக்காரியாம். எனக்கு மட்டும் தெரியும், அவள் ஒரு பொய்யைச் செய்துகொண்டிருக்கிறாள், பொய்க்கு எதற்கு அழ வேண்டும்?

வெள்ளிக்கிழமை கூட்டம். ஆம்பளைகள் கோயிலுக்கு முன்னால் உட்கார, நாங்கள் வேப்ப மரத்தடியில் நின்றோம். முத்து நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகப் படித்தார். பார்த்திபன் பேர் வந்ததும் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். "கழிஞ்சிது" என்றார். அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

துர்கா காத்திருந்தாள். கடைசிப் பேரும் படித்தாகிவிட்டது. சவுரிராயன் எழுந்து, "அப்ப வளைவு போட்டுக்கலாம்" என்றார்.

"எம்பேரு?" என்றாள் துர்கா.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பொம்பளை அங்கே குரல் கொடுப்பதே புதிது.

"உம்பேரு எதுக்கும்மா?" என்றார் முத்து, கோபமில்லாமல்.

"நோட்டுல... அவருக்கு அப்புறம் எம்பேரு ஏறணுமே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். "எந்தக் காலத்துல பொம்பள பேரு ஏறுச்சி? இது என்னா பேஜாரா கீது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். முத்து நோட்டை மூடினார். "ஊரு வழக்கம்மா அது. தாலி எறக்கறதுக்கு மின்ன எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? நான் நேராவே போடச் சொல்லியிருந்தேனே."

துர்கா என் பக்கம் திரும்பினாள். நான் முந்தானையில் ஒட்டியிருந்த மீன் செதிலைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன்.

கல் என் வீட்டைத் தாண்டி வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் வளைந்தது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கல். கல்லுக்கு அந்தப் பக்கம் நீலக் கதவு. அவள் என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

சவுரிராயன் ஒரு மழை என்றார். அதற்குக்கூட நேரமில்லை. கார்த்திகையில் ஒரு மத்தியானம், பேருக்குத் தூறல் போட்டுக்கொண்டிருந்தபோதே அலை கல்லில் மோதித் திரும்பி, அப்படியே பக்கவாட்டில் அந்த வீட்டைத் தின்றது. முதலில் பின்சுவர். பிறகு அடுப்படி. துர்கா வாசலிலேயே நின்றாள். மணிமாறன் கல் மேல் ஏறிக் குதித்துப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாமான் ஒன்றுகூட எடுக்கவில்லை. நிலையோடு பெயர்ந்த கதவு அரைமணி நேரம் தண்ணீரில் சுற்றிவிட்டு என் வீட்டுக்கு முன்னால் வந்து கல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. டொக், டொக் என்று. என் பெரிய பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

என் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

ஈரத்தோடு என் வாசலில் நின்று துர்கா முதல் தடவையாகப் பேசினாள். "குடு அக்கா."

என்ன என்று நான் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து தாலியை எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் கயிறு கேட்டாள், அதையும் கொடுத்தேன். என் கண் முன்னால், என் வாசல்படியில் நின்று, தன் கையால் தானே கட்டிக்கொண்டாள். மூன்று முடிச்சையும் நிதானமாகப் போட்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? கருமாதி பண்ணவனுக்குத் தாலி கட்டிக்கினா ஊரு என்னா சொல்லும்?" என்று கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது?

"பொய்க்குத்தானே அறுத்தோம்" என்றாள். "ஊடுதான் இல்ல. அவரு வந்தா யாராச்சும் எடம் காட்டணுமில்ல. நான் காட்டறேன். யாரு எடம்னும் சொல்றேன், யாரு கல்லுன்னும் சொல்றேன்."

அன்றிலிருந்து அவள் கல் வளைகிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இருட்டினால் குப்பம்மாள் குடிசையில் போய்ப் படுத்துக்கொள்கிறாள், விடிந்தால் வந்துவிடுகிறாள். அபசகுனம் என்று படகுக்காரர்கள் அந்தப் பக்கம் வலை ஏற்றுவதில்லை. ஊர் அவளைத் தள்ளி வைத்துவிட்டது. நான் கொடுத்தனுப்புகிற சோற்றை அவள் காக்காய்க்குப் போடுகிறாள். கடல் இப்போது எங்களைத் தாண்டி வடக்கே அடுத்த குப்பத்தைத் தின்கிறது. அவர்கள் வந்து எங்கள் கல்லைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் கல் வரும் என்கிறார்கள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. காலையில் படகுகள் திரும்புகிற நேரத்துக்கு அவள் எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பாள். சமையலறை ஜன்னலில் அவளுக்கு முன்பே நான் நிற்பேன். தெரியாத படகு ஒன்று கண்ணில் பட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிடுகிறேன். பக்கத்தில் வந்து, உள்ளே இருப்பவன் வேறு எவனோ என்று தெரியும் வரைக்கும் ஜன்னல் கம்பியை விடுவதில்லை. என் கையால் நண்டுக்கால் உடைத்து ஊட்டின பிள்ளை அவன். கெங்கையம்மா, அவன் வந்துவிடக் கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன்.