இரண்டு விரல் இறக்கம்

'1976 ஜூன் 12, சனி. இன்றைய பிழை: பிளாஸ்டிக் சீட்டில் இடப்பக்க ஓட்டையை வலப்பக்கத்தைவிட இரண்டு விரல் இறக்கிப் போட்டுவிட்டேன். அளக்காமல் கண்ணால் பார்த்துக் குத்தியதால் வந்தது. இன்னொரு சீட்டில் சரியாகப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். பிழையானது கடை அலமாரியில் இருக்கிறது. அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. திட்டுவார்.'

தினமும் ஒரு பிழையாவது எழுத வேண்டும் என்று மாலை வகுப்பு வாத்தியார் சொல்லியிருந்தார். மற்றவர்கள் பிழையைத் தேடி அலைந்தார்கள். மாரித்தாய்க்கோ எதை விடுவது என்பதுதான் சிரமம்.

ஏலப்பாறைக் கடைத்தெருவில் நல்லமுத்து அண்ணாச்சியின் கம்பளிக் கடையில் அவளுக்கு அது மூன்றாவது வருஷம். தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்கள் மழைக்குக் கம்பளி போட்டுக்கொண்டுதான் மலை ஏறுவார்கள். நனைந்துவிட்டால் ஆட்டுக்குட்டியைத் தலையில் சுமக்கிற கனம். அந்த வருஷம் மழை பிடித்துப் பத்து நாளாகியும் ஒருத்தியும் கடைக்கு வரவில்லை. உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டு போனார்கள். அதிலும் தொல்லை இருந்தது. காற்றடித்தால் பறக்கும். ஒரு கை கொழுந்துக்கு, ஒரு கை சீட்டுக்கு.

மாரித்தாய் ஆணியைக் கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சீட்டின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டாள். விளிம்பு உருகி இறுகுவதால் கிழியவில்லை. கயிறு கோர்த்துக் கழுத்தடியில் கட்டினால் இரண்டு கையும் ஓய்வில்லாமல் கொழுந்தெடுக்கும்.

அண்ணாச்சி தானே அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். "கல்யாண மாப்பிள்ளை கணக்கால்ல இருக்கேன்!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது ஓடிச்சின்னா கம்பளிய ஏறக்கட்டிட்டு நம்ம கடையிலயே இதப் போடுவோம் தாயி. நீதான் மேற்பார்வை. உங்க லைன்லேருந்து ரெண்டு புள்ளையளக் கூட்டிட்டு வந்துரு."

அவள் அன்று இரவே எஸ்டேட் லைன் வீடுகளில் இரண்டு பெண்களிடம் சொல்லிவிட்டாள். யார் ஆணி காய்ச்சுவது, யார் கயிறு வெட்டுவது என்று நோட்டில் பிரித்தும் எழுதினாள்.

அடுத்த வாரம் அண்ணாச்சி முகம் கொடுக்காமல் சொன்னார். "அலமாரில இருந்த சீட்ட எஸ்டேட் கம்பெனி ஸ்டோர்ல காட்டினேன். சீந்தல. அந்த நெனப்ப விட்டுரு."

குறை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று மாரித்தாய் எழுதிக்கொண்டாள். அந்தப் பெண்களிடம் போய் இல்லை என்று சொன்னது பெரிய அவமானமாக இருந்தது.

ஜூலை பத்தாம் தேதி, சாயங்காலம். அம்மா முத்துப்பேச்சி வேலை விட்டு வந்து வாசலில் சீட்டை உதறினாள். பச்சை நிறம், புதுசு.

"எஸ்டேட்டுல எல்லாருக்கும் குடுத்துட்டான். புதுசைத்தான் போடணும்னு கங்காணி ஒரே சத்தம். எவ ஓட்டை போட்டாளோ, ஒத்தத் தோள மட்டும் குளிப்பாட்டுதா."

மாரித்தாய் சீட்டை வாங்கி விளக்கருகே விரித்தாள். வலப்பக்க ஓட்டைக்கு நேராக விரலை வைத்தாள். இடப்பக்க ஓட்டை அதற்குக் கீழே இருந்தது. சரியாக இரண்டு விரல். பக்கத்து வீட்டுச் சீட்டையும் வாங்கிப் பார்த்தாள். அதுவும் இரண்டு விரல்.

"ஏட்டி, சோறு திங்காம எங்க ஓடுத?" என்று அம்மா கூப்பிட்டது பின்னால் கேட்டது.

அண்ணாச்சி கடை சாத்தப் போகிற நேரம். அவள் சீட்டை மேஜைமேல் விரித்தாள்.

"என் சீட்டுதான அண்ணாச்சி இது?"

அவர் மறைக்கவில்லை. "ஆமா. கீழ கம்பம் ஊர்ல மச்சான் வீட்டுல நாலு ஆள் வச்சுப் போடுதோம். ஸ்டோர்க்காரன் நானூறு சீட்டு ஒரு மாசத்துல கேட்டான். நீயும் ரெண்டு பொட்டப்புள்ளையளும் போட்டு எப்பக் குடுப்பீங்க? கம்பளிய நம்பிக்கிட்டு இருந்தா கடையப் பூட்டணும். காலம் மாறுது, நாம நிக்கணும்ல."

"ஸ்டோர்ல சீந்தலன்னு சொன்னீங்களே."

"சொன்னா நீ அழுவ. அதான்."

மேற்பார்வை என்று சொன்ன வாய் அது. அவளுக்கு அழுகை வரவில்லை. அதுவே ஆச்சரியமாக இருந்தது.

"இடத் தோள் நனையுதாம், அண்ணாச்சி."

"அதான் ஸ்டோர்லயும் சொல்லுதான். அச்சு அசலா உன் சீட்டப் பாத்துத்தான போட்டோம்? என்ன கோளாறுன்னு புரியல." அவர் முன்னால் குனிந்தார். "நீ பாத்துச் சொல்லு தாயி. அடுத்த லோடுல திருத்திருவோம். கடையில உன் வேலைக்கு ஒரு கொறையும் வராது."

தெரியும் என்ற சொல் வாய்வரை வந்தது. மூன்று வருஷப் பழக்கம் அது. மாரித்தாய் சீட்டை நான்காக மடித்தாள்.

"எனக்கும் புரியல அண்ணாச்சி" என்றாள். தன்னிடம் இருந்த அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

வழியெல்லாம் மனம் குடைந்தது. அன்றே பிழையைச் சொல்லியிருந்தால் நானூறு பேர் தோள் நனைந்திருக்காது. சொல்லியிருந்தால் இவர் செய்ததும் தெரிந்திருக்காது. எது பெரிய பிழை என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. நோட்டில் இரண்டையும் எழுதினாள். இன்று அண்ணாச்சியிடம் சொன்ன பொய்யையும் மூன்றாவதாக எழுதினாள். பிறகு பக்கத்தின் அடியில் கோடு போட்டாள்.

'நாளை ஞாயிறு. இனிக் கடைக்குப் போவதில்லை. காலை ஏழு மணிக்குக் கரியடுப்பு, ஆணி இரண்டு, அளவுக்குச்சி எடுத்துக்கொண்டு முதல் லைன். இருபத்திரண்டு வீடு. அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட வேண்டும். இடப்பக்கம் இரண்டு விரல் மேலே புது ஓட்டை. அளந்து போட வேண்டும்.'