வெறும் நீரில் ஓடும் மின்சாரம்

முத்துக்கனி அத்தை விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, சந்தனக்கல்லில் நாலு சொட்டுப் பால் விட்டு உரசத் தொடங்கியபோது, சண்முகப்ரியா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தது. பொன் உரசிய பாலைப் பெற்ற பிள்ளை வாயில் விட்டால் நிம்மதியாகப் பிரியும் என்பது உடன்குடியில் அவர்கள் வீட்டு வழக்கம்.

"ஏளா, நீதான் ஊத்தணும். எந்தம்பி ஒனக்காகத்தான் உசுரைக் கையில புடிச்சிட்டுக் கெடக்கான்."

"வேண்டாம் அத்தை. எங்கூட ஒரு வார்த்தை பேசட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெங்களூரிலிருந்து விழுந்தடித்து வந்திருந்தாள். காலையில் வந்ததிலிருந்து அவர் கண் திறக்கவில்லை.

அப்பா செந்தில்வேல் அண்ணாச்சிக்குத் தொழில் கருப்பட்டி வியாபாரம். ஆனால் பஜாரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மகளின் ஆராய்ச்சிதான். "தண்ணிக்குள்ள ரெண்டு தங்க ஊசி. ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு மூலக்கூறு, கண்ணுக்கே தெரியாது பாத்துக்கிடுங்க. அது வழியா எம்புட்டு கரண்டு போகுதுன்னு எம்மவ அளக்கா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அளந்துவிடுவார். அரைக்கிலோ வாங்க வந்தவர் தன் வீட்டுக் கரண்டு பில்லைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போவார். அண்ணாச்சிக்கு அதிலும் பெருமைதான்.

இப்போது அந்த நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. அத்தை கரண்டியைக் கையில் கொடுத்தாள். சண்முகப்ரியா மணிக்கட்டை விடாமல், மறு கையால் உதட்டை நனைக்கிற அளவுக்கு மட்டும் பாலை விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு நின்றது. அத்தை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தாடையைக் கட்ட வெள்ளைத் துணியை எடுத்தாள்.

"போயிட்டான்ளா."

"இல்ல, துடிக்குது! கையில தெரியுது."

வாய்விட்டு அழத் தொடங்கிய அம்மா அனுசியா அப்படியே அழுகையை விழுங்கினாள். கால்மாட்டுக்கு ஓடிப்போய் ஒரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பரபரவென்று தேய்த்தாள். "காலு சில்லுன்னு கெடக்குல்லா, அதான். சூடு ஏத்துனா சரியாயிரும்." அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத வெளிச்சம்.

துடிப்பு விரலுக்கடியில் தெளிவாகவே தெரிந்தது. மிகத் தெளிவாக. அதுதான் சண்முகப்ரியாவுக்கு உறுத்தியது. அவளுடைய கருவியில் ஆளை ஏமாற்றுவது தண்ணீர்தான். நடுவில் மூலக்கூறே இல்லாவிட்டாலும் தண்ணீர் தன்பாட்டுக்குக் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். ஊசியில் மெழுகு பூசி முனையை மட்டும் விட்டுவைத்தாலும் கசியும். ஆசைப்பட்ட கண்ணுக்கு அந்தக் கசிவே மூலக்கூறாகத் தெரியும். முதலில் வெறும் தண்ணீரை அளந்து பார் என்று புதிதாக வருகிற பிள்ளைகளை அவள் அதட்டாத நாளில்லை.

இடது கை விரல்களைத் தன் கழுத்தில் வைத்தாள்.

அவள் கழுத்திலும் அப்பாவின் மணிக்கட்டிலும் ஒன்றாகவே அடித்தது. பயத்தில் கழுத்துத் துடிப்பு வேகமெடுத்தது. மணிக்கட்டிலும் அதே வேகம். இவ்வளவு நேரமும் அவள் எண்ணிக்கொண்டிருந்தது தன் கட்டைவிரலில் ஓடிய தன் ரத்தத்தை. அப்பா போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை இனி இல்லை.

அத்தைக்குப் புரிந்துவிட்டது. துணியோடு அசையாமல் நின்றாள்.

"துடிக்குதுல்லா?" என்றாள் அம்மா, தலை நிமிராமல். வேர்வை சொட்டச் சொட்டத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சண்முகப்ரியா அப்பாவின் கையை மெல்லப் படுக்கையில் வைத்தாள். எழுந்துபோய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, அவரது இன்னொரு காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.