அத்தானின் ரத்தமே அளவு

ஒரு துளி ரத்தம் போதும், ஒரு நிமிடத்தில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவோம் என்று அந்தப் புதுக் கம்பெனியின் வாசலில் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு அறை, ஒரு பிரிட்ஜ், வேலைக்கு நாலு பேர், அப்புறம் முதலாளியின் மண்டைக்கனம். இடத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது.

அந்த நாலு பேரில் ஒருத்தி அவள். முதலாளி அவளுக்கு அத்தான், அக்காவின் புருஷன். வேதியியல் படித்துவிட்டு வேலை தேடியவளை, வெளியே எதற்கு அலைய வேண்டும் என்று இங்கே உட்காரவைத்தவர். அதை அடிக்கடி சொல்லியும் காட்டுவார்.

எது நல்ல ரத்தம் என்று அங்கே செய்கிற கருவிக்கு முதலில் காட்டித்தர வேண்டும். சர்க்கரை அந்த ரத்தத்தின் அளவுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, தாண்டினால் சிவப்பு. இதற்கென்றே சர்க்கரையை அளந்து கலந்த கரைசல் கடையில் கிடைக்கிறது. வாங்கலாம் என்றாள்.

"காசு கொடுத்து தண்ணி வாங்கணுமா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று அத்தான் விரலை நீட்டினார்.

ஜிம்முக்குப் போகிற உடம்பு, தலைவலி என்று படுத்ததில்லை, இதைவிட நார்மல் எங்கே இருக்கிறது? அதிலிருந்து புதுக் கருவி தயாராகும்போதெல்லாம் அவர் விரலில்தான் குத்த வேண்டும். எடுத்ததில் மிச்சம் குப்பியில் பிரிட்ஜுக்குப் போகும். குத்தி முடித்ததும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பார், ஆரோக்கியத்தின் ரகசியமே அதுதான் என்று பிரசங்கம் வேறு. நாலு பேரும் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டாக வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த ரத்தத்துக்குத் தங்க ரத்தம் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். வேறு மீட்டரில் ஒருதரம் சரிபார்க்கலாமே என்று அவள் கேட்டதற்கு, போட்டிக் கம்பெனிச் சாமான் இந்தப் படி ஏறக் கூடாது என்று குதித்தார். வேலை செய்பவர்களுக்கெல்லாம் பச்சைதான் எரிந்தது. வாலிபப் பிள்ளைகள், எரியாமல் என்ன செய்யும்?

அக்காவுக்கு ஆறாம் மாதம். தாகம் அடங்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகியது. அத்தான் வீட்டிலேயே தன் கருவியை வைத்து அவள் விரலில் குத்திப் பார்த்தார். பச்சை.

"டாக்டரம்மா எழுதிக் கொடுத்த டெஸ்ட் என்னக்கா ஆச்சு?"

"அவரு வேண்டாம்னுட்டாரு. முதலாளி பொண்டாட்டியே வெளி லேப்ல போய் நின்னா, கருவிய யாருடி வாங்குவான்னு கேக்குறாரு."

கட்டியவளையும் வயிற்றுப் பிள்ளையையும் விளம்பரப் பலகையாக்கிவிட்டாரே மனுஷன்! மறுநாள் குழந்தைக்குத் துணி வாங்கலாம் என்று பொய் சொல்லி அக்காவை லேப்புக்கு இழுத்துப் போனாள். கம்பெனி பிரிட்ஜில் மிச்சமிருந்த தங்க ரத்தத்தையும் பையில் போட்டுக்கொண்டாள். அக்காவுக்குச் சர்க்கரை எக்கச்சக்கம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிள்ளைக்கு ஆபத்து என்றார் லேப்காரர். தங்க ரத்தத்தில் அதைவிட அதிகம்.

அக்கா அசையவில்லை. "இவனுங்க தப்பா சொல்லியிருப்பானுங்க. அவரைக் கேக்காம நான் எங்கயும் வரமாட்டேன்."

எனவே நேரே கம்பெனிக்குப் போனார்கள். அவள் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

"எனக்குச் சர்க்கரையா?" அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "பொறாமை புடிச்ச பசங்க. இங்க பாரு!" எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையைத் தூக்கி விரலைக் குத்திக்கொண்டார். கருவியில் பச்சை எரிந்தது. "போதுமா? இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

அக்கா அந்தப் பச்சை விளக்கையே பார்த்தாள். அவர் கையையும் பார்த்தாள். இந்தப் பைத்தியக்காரி இதையும் நம்பித் தொலைக்கப் போகிறாள் என்றே தங்கை நினைத்தாள்.

"இந்தக் கருவிக்கு அளவுன்னு காட்டினதும் உங்க ரத்தம்தானே?" என்றாள் அக்கா.

"பின்ன? வேற யாருது?"

"அப்ப உங்களை உங்களோடயே ஒப்பிட்டா பச்சை எரியாம என்னங்க எரியும்?"

அத்தான் கருவியைத் தட்டிப் பார்த்தார்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஆட்டோ கூப்பிடுடி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்." அவரிடம் உத்தரவு கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படி இறங்கும்போது உள்ளேயிருந்து அத்தானின் குரல் கேட்டது.

"என்னடா வேடிக்கை? போய் வேலையப் பாருங்க. எவனாவது எனக்குத் தண்ணி கொண்டு வாங்கடா, தொண்டை வறளுது."