பன்னிரண்டாவது எலி

"கையெழுத்தைப் போட்டுட்டு வா பட்டாசு, காபி குடிக்கலாம்" என்று அறிக்கையை மேசைமேல் வைத்தாள் அக்கா.

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்குமே அவள் பட்டாசுதான். பெயர் வைத்தது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை; விடுதியில் ஒரே அறை, இங்கே ஒரே நுண்ணோக்கி. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்க்கிற இரட்டைத் தலை நுண்ணோக்கி. புது மருந்து ஒன்றைத் தீனியோடு இரண்டு வருடம் தின்ற எலிகளின் ஈரல்களைச் சீவல் சீவலாக அதில்தான் பார்த்தார்கள். எந்த எலி மருந்து தின்றது, எது வெறும் தீனி தின்றது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. தகட்டில் எண் மட்டும்தான். விவரம் ஒட்டிய உறைக்குள். பன்னிரண்டு ஈரல்களில் கட்டி. ஒவ்வொன்றிலும் அக்காவே அம்புக்குறியை நகர்த்தி, "கட்டிதான்டி, எழுதிக்கோ" என்றாள்.

போன வாரம் உறையைப் பிரித்தார்கள். பதினோரு எலிகள் மருந்து தின்றவை. ஒன்று தின்னாதது.

இப்போது அறிக்கையில் அந்தப் பதினொன்றுக்கும் நேரே 'செல் பெருக்கம்' என்று இருந்தது. அதாவது, பயப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது மட்டும் கட்டியாகவே இருந்தது.

"என்னக்கா கூத்து இது?"

"மறுபடி பார்த்தேன். கட்டி மாதிரி தெரியல."

"உறையைப் பிரிச்ச பிறகா?"

அக்கா பேனா மூடியைத் திருகினாள்.

"மாத்துனதுதான் மாத்துனீங்க, பன்னிரண்டையும் மாத்தியிருக்கக் கூடாதா? மருந்தை மோந்துகூடப் பார்க்காத எலிக்குக் கட்டி, மூக்கு முட்டத் தின்னதுங்களுக்கு ஒண்ணுமில்லையா? பேசாம இந்த மருந்து கட்டியைக் கரைக்கும்னே எழுதிடுங்க!"

"கத்தாதடி. டைரக்டர் சொன்னாரு. நீ கையெழுத்துப் போட்டா அடுத்த மாசமே உன் வேலை நிரந்தரம். உனக்காகத்தான்டி செஞ்சேன்."

டைரக்டர் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பாள். 'உனக்காகத்தான்' என்றதுதான் நெஞ்சில் ஏறி மிதித்தது.

முதலில் எழுதியதை மாற்றினால், எழுதியவரே ஒப்பமிட வேண்டும் என்பது அங்கே விதி. பட்டாசின் அப்பா என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாமல் எத்தனையோ தாள்களில் கட்டைவிரலைப் பதித்தவர். அந்த வீட்டின் முதல் கையெழுத்து இவளுடையது. வாசித்துத் தெரிந்துகொண்டே பொய்க்குக் கீழே அதைப் போடச் சொல்கிறாள், ஒரே அறையில் கூட இருந்தவள்.

பட்டாசு தட்டிலிருந்து ஒரு தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். அம்புக்குறியைக் கட்டியின் நடுவில் நிறுத்தினாள்.

"வாங்க. ஒரே ஒரு தடவை பார்த்துட்டு, பெருக்கம்னு உங்க வாயால சொல்லுங்க. போட்டுடறேன்."

எதிர்த் தலை காலியாகவே இருந்தது.

"எனக்கு மீட்டிங் இருக்கு" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

பட்டாசு பேனாவை எடுத்தாள். பதினோரு இடத்திலும் பெருக்கத்தை அடித்து, பக்கத்தில் 'கட்டி' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்திட்டாள். ஏழாவது கொஞ்சம் கோணல்.

"அடிப்பாவி! வேலை போயிடும்டி!"

"எண்ணிப் பார்த்துக்கோங்க, மேடம்" என்று அறிக்கையை நீட்டினாள்.