கிருமி போட்ட நெலம்

எங்க பாவா நாகராஜன் கனகம்மாசத்திரத்துல உரக்கடை வெச்சிருக்கான். வீட்டுக்காரரோட அண்ணன், மரியாதையாத்தான் பேசணும். பேச மாட்டேன். எம் பேரைக் கெடுத்தவனுக்கு என்னா மரியாதை? எங்க வீட்டுக்காரர் அரக்கோணத்துல வேலைக்குப் போறாரு. அண்ணன்னா வாயே தொறக்க மாட்டாரு.

இந்த வருஷம் ஒரு ஏக்கர் வேர்க்கடலைக்கு அவன் கடையில யூரியா வாங்கல. அதான் என் குத்தம். திருத்தணியில வேளாண்மை ஆபீஸ்ல ரைசோபியம் பொட்டலம் குடுத்தாங்க. ஆறுன கஞ்சியில கலந்து, வெதையில பெரட்டி, நெழல்ல காயவெச்சு வெதைச்சேன். அதுல இருக்கிற பாக்டீரியா வேர்ல குடியேறி, காத்துல இருக்கிற தழைச்சத்தைப் புடிச்சு செடிக்குக் குடுக்கும், யூரியாவே வேணாம். அது என்னான்னு கேட்டவங்களுக்கு, "கிருமிதான், ஆனா நல்ல கிருமி"ன்னு நானே சொல்லித் தொலைச்சேன். பாவா 'நல்ல'வை முழுங்கிட்டு 'கிருமி'யை மட்டும் ஊரெல்லாம் பரப்பிட்டான்.

நாப்பதாவது நாள். பூ விட்டு, காய் வெக்கிற விழுது மண்ணுல எறங்கப்போற நேரம். இந்த வாரம் மண் அணைக்கலன்னா விழுது மண்ணுக்குள்ள போவாம காத்துலயே காஞ்சுடும், காயே புடிக்காது. தன்னையும் சேத்து பதினோரு பொம்பளைங்களை வேலைக்குக் கூட்டினு வர்ற கௌரியம்மா, "கிருமி போட்ட நெலத்துல எறங்க மாட்டோம், கால்ல புண்ணு வருமாம்"னு ஒரே பேச்சா சொல்லிடுச்சு.

எனக்கு வந்துச்சே கோவம்! ஒரு செடியை வேரோட புடுங்கினேன். கௌரியம்மா கையைப் புடிச்சு இழுத்துகினு பஸ் ஏறினேன்.

பாவா கடையில நாலஞ்சு பேர் நின்னுகினு இருந்தாங்க. செடியைக் கல்லாப்பெட்டி மேல போட்டேன்.

"வேர்ல முடிச்சு முடிச்சா இருக்குதே, இதுதான் நீ சொல்ற கிருமியோட வீடு. நல்லா பாரு!"

நகத்தால ஒரு முடிச்சைக் கிள்ளினேன். உள்ள செவப்பா இருந்தா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். என்னோடது நல்ல செவப்பு. பெருமையா நீட்டினேன்.

"ஐயய்யோ, ரத்தம்!"னான் பாவி. "பாத்தீங்களா? கட்டி கட்டியா ரத்தம்! இதைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்க."

எல்லாரும் ரெண்டடி பின்ன போனாங்க. கௌரியம்மா முந்தானையால மூக்கை மூடுச்சு.

"ரத்தமா? உன் மூஞ்சி!" முடிச்சுங்களைக் கிள்ளிக் கிள்ளி வாயில போட்டு மென்னு முழுங்கினேன். மண்ணு நறநறன்னுச்சு. "நான் செத்தா உன் கடை வாசல்லயே கெடத்து!"

மறுநாள் காலையில நெலத்துக்குப் போனா, கௌரியம்மா கூட்டத்தோட வரப்பு மேல நிக்குது.

"வாந்தி எடுத்தியா?"

"இல்ல."

"வயித்தால போச்சா?"

"இல்லக்கா. போதாதுன்னா இன்னும் நாலு தின்னட்டுமா?"

அது சிரிக்கல. "சரி, எறங்குறோம். ஆனா செருப்போடதான் எறங்குவோம்."

எங்க பக்கத்துல வெளையிற நெலத்துல யாரும் செருப்போட கால் வெக்க மாட்டாங்க. மலைமேல முருகன் சன்னதிக்குள்ள செருப்போட போவாங்களா? அதுமாதிரிதான் இதுவும். போங்கடின்னு தொரத்தியிருப்பேன். ஒருத்தியா மண்வெட்டி புடிச்சு ஒரு ஏக்கரை நான் எப்போ முடிக்கிறது?

"எறங்குங்க"ன்னேன்.

பதினோரு ஜோடி ரப்பர் செருப்பும் சளக் சளக்னு உள்ள வந்துச்சு. நான் வெறுங்கால்ல முன்ன போனேன். குனிஞ்சு முதல் செடிக்கு மண் அணைச்சப்போ, நெலத்தைப் பாத்து, "கோச்சுக்காதே தாயி"ன்னு வாய்விட்டே சொன்னேன்.