ஒரே தண்டில் இரண்டு இலை

சந்தையில் கீரைக்கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவளின் கை ஒரு கட்டின்மேல் அப்படியே நின்றது. நூலுக்குக் கீழே ஒரே தண்டிலிருந்து இரண்டு இலைகள் பிரிந்திருந்தன. பூண்டுக்கீரை அப்படி வளராது. அதற்கு ஒவ்வோர் இலையும் தனிக்காம்போடு மண்ணிலிருந்து வரும்.

பனி விலகி வசந்தம் தலைகாட்டியதும் ஓடைக்கரை மரங்களுக்கு அடியில் தானாக முளைக்கிற கீரை அது. விதைக்க வேண்டாம், களையெடுக்க வேண்டாம். பறிக்கிறவனுக்கு மூக்கு இருந்தால் போதும். ஏனென்றால் அதே நிழலில், அதே பச்சையில் இன்னொரு செடியும் வளர்கிறது. பூக்கும்வரை இரண்டும் அசல் இரட்டைப் பிள்ளைகள். இன்னொன்றில் பூண்டு வாசம் இருக்காது, ஒரே தண்டில் இரண்டு இலை விடும், அவ்வளவுதான். தின்றால் இதயம் தாறுமாறாக அடிக்கும். அதனால்தான் அவள் கணவன் பிடிக்கு ஒருமுறை ஓடையில் விரலைக் கழுவிக்கொண்டு, கிள்ளிக் கிள்ளி மோந்து பறிப்பான். கட்டுவது மட்டும் அவள் வேலை. அதற்குள் கை, துணி, வண்டி என்று எல்லாமே பூண்டாக நாறும்; எந்த இலையை மோந்தாலும் ஒரே வாசம்தான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இலையைக் குடத்துத் தண்ணீரில் நன்றாக அலசி, கிள்ளி மூக்கருகே வைத்தாள். வெறும் புல் வாசம்.

மேசையின் அந்தப் பக்கம் யாருக்கோ பட்டாணி நிறுத்துக்கொண்டிருந்தான் கணவன். இலையை நீட்டினாள்.

"என்ன?"

"மோந்து பாருங்க."

கண்ணை மூடி நன்றாக இழுத்தான். "ஆகா! இந்த வருஷம் பூண்டு தூக்கலாத்தான் இருக்கு."

குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். அதற்கப்புறம் ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மூக்கை அடகு வச்சிட்டீங்களா என்று கேலி செய்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இப்போது ஞாபகம் வந்தது.

"எப்பலேர்ந்துங்க?"

அவன் இலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இலையை மெதுவாக மேசையில் வைத்தான்.

"வந்துரும்னுதான் நெனச்சேன். சொன்னா, காட்டுப்பக்கம் போகாதேன்னுடுவே."

"அப்ப எதை வச்சுப் பறிச்சீங்க?"

"கண்ணை வச்சுத்தான். இத்தன வருஷமா பறிக்கிறவனுக்கு இலை தெரியாதா?"

சண்டை போட நேரமில்லை. இந்த வருஷத்துக் கீரை இன்றைக்குத்தான் முதல்முதலாக வந்திருந்தது. கூடையைத் திறந்ததும் ஒரே ஒரு கட்டு போயிருந்தது, தையல்காரிக்கு. முதல் கட்டு தனக்குத்தான் என்று வருஷா வருஷம் வம்படித்து வாங்கிப் போகிறவள். அவளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடினால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. கணவனிடம் கூடையை மூடச் சொல்லிவிட்டு ஓடினாள்.

தையல்கடைக்குப் பின்னால் இருந்த சின்னச் சமையலறையில் தையல்காரி மிக்ஸி ஜாரை வழித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா! எதையாவது மறந்துட்டு வந்துட்டேனா?"

"கீரை எங்கே?"

"அரைச்சாச்சு. ரொட்டியில தடவலாம்னு." பச்சைப் பசேலென்று ஒரு கிண்ணம். "உப்பு பாக்க ஒரு கரண்டி வாயில போட்டேன். அமிர்தம்! ஏன்க்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னாள். மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கட்டில் தப்பான இலை இருந்ததா இல்லையா என்று இனி எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, ஆளையும் கூட்டிக்கொண்டு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றார்கள். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. சந்தைக் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கணவன் வேனோடு வந்து நின்றிருந்தான்.

பின்சீட்டில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படபடவென்று அடித்தது அவளுடைய நாடியா, தன் விரலா என்றே தெரியவில்லை. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. உங்களைத்தான் ஆஸ்பத்திரில படுக்க வைக்கணும்போல" என்று தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, ஜன்னலைத் தொறங்களேன். பூண்டு வாடை கண்ணை எரிக்குது" என்றாள்.

அவன் கண்ணாடியை இறக்கினான். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. மனைவியின் மடியில் இருந்த கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அவ்வளவா வருது?" என்று கேட்டான், மெதுவாக.

அவள் விரலுக்கடியில் தையல்காரியின் நாடி ஒருதடவை தயங்கியது போல இருந்தது. விளக்கு பச்சையாகிப் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள்.